சதுரம் எத்தனை? – எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளும் நடுநிலைக் கணக்கு வகுப்பும்



சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர்கள் வந்தபோது, "வழக்கம்போல் கல்வெட்டு பற்றி எழுதித் தாருங்கள்" என்றார்கள். இந்த முறை வேண்டாம், பிள்ளைகளின் கணக்கு வகுப்பைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "பாத்திரக் கடைக்காரருக்குக் கணக்கு வகுப்பில் என்ன வேலை?" என்று ஒருவர் சிரித்தார். நியாயமான கேள்விதான். அடியேன் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். பழைய பதினோராம் வகுப்போடு படிப்பு நின்றது. 22 வயதில் மாமாவின் கடையில் கைவேலைக்கென்று பாறசாலைக்கு வந்தேன். இப்போது 66 ஆகிறது. மற்றதெல்லாம் கடை சாத்தின பிறகு நானே படித்துக்கொண்டது. ஆனால் சென்ற ஆண்டு என் மகள் வயிற்றுப் பேத்தியின் கணக்கு விடைத்தாள் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. அதிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

எல்லைக்கு இப்பாலும் அப்பாலும்

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழர் கேட்டும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆகவே களியக்காவிளை தமிழ்நாட்டில், அதை அடுத்த பாறசாலை கேரளத்தில். இரண்டு ஊருக்கும் இடையே ஆறுமில்லை, மலையுமில்லை, ஒரே சாலைதான். அத்தை வீடு அந்தப் பக்கம், வேலை இந்தப் பக்கம் என்றே பல குடும்பங்கள் வாழ்கின்றன. குடும்பத் தேவைக்காகப் பிள்ளையை ஒரு பக்கத்துப் பள்ளியிலிருந்து மறு பக்கத்துப் பள்ளிக்கு மாற்றுவதும் இங்கே சாதாரணம்.

இந்த மண்ணுக்குக் கல்வி புதிதன்று. விளவங்கோடு வட்டத்துப் பார்த்திவபுரத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 மாணவர்க்கு ஒரு சாலை அமைத்தான். யாரைச் சேர்ப்பது, அவர்க்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், ஒழுங்கு மீறினால் என்ன தண்டம் என்றெல்லாம் அவன் செப்பேடு விவரிக்கிறது. சேரும் முன்பே எல்லாம் தெரிந்துவிடும். இன்று நம் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும்போது, கணக்கு வகுப்பில் என்ன மாறப்போகிறது என்று நமக்கு யாரும் அப்படி எழுதித் தருவதில்லை. முடிந்தவரை அதை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விவரம். தமிழ்நாட்டில் ஐந்து வரை தொடக்கப்பள்ளி, ஆறு முதல் எட்டு வரை நடுநிலை. கேரளத்தில் நான்கு வரை எல்.பி., ஐந்து முதல் ஏழு வரை யு.பி., எட்டிலேயே உயர்நிலைப் பள்ளி வந்துவிடும். எல்லை தாண்டும் பிள்ளைக்கு வகுப்பு எண் ஒன்றாக இருந்தாலும் படிக்கட்டு வேறு. இக்கட்டுரையில் நான் நடுநிலை என்பது ஐந்து முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளை.

ஆறு சதுரங்கள்

என் பேத்தி ஐந்தாம் வகுப்பு வரை மார்த்தாண்டம் பக்கத்தில் தமிழ் வழியில் படித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. மருமகன் வேலை மாறி நெய்யாற்றின்கரைப் பக்கம் குடிவந்தார்கள். பக்கத்துப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. பேச்சு மலையாளம் நன்றாக வரும், சமாளிச்சுக்குவா என்று மலையாள வழியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள்.

ஓணத் தேர்வு முடிந்து விடைத்தாள் வந்தது. அதில் ஒரு கேள்வியின் பொருள் இது: சுற்றளவு 24 சென்டிமீட்டர், பக்கங்கள் முழு எண்கள், இப்படி எத்தனை சதுரங்கள் வரையலாம்? அவற்றில் பரப்பளவு மிகுந்தது எது?

பேத்தி எழுதியிருந்தாள்: "ஒன்றுதான் வரைய முடியும். பக்கம் 6. பரப்பளவு 36." சிவப்பு மையில் பெருக்கல் குறி, மதிப்பெண் சுழி.

"தாத்தா, நான் சரியாத்தானே போட்டிருக்கேன்? 24ஐ நாலால வகுத்தா ஆறுதானே? டீச்சர் ஆறு சதுரம் வரும்னு சொல்றாங்க. எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டு அழுதாள். மகளோ, "அப்பா, இவ இப்பல்லாம் கவனிக்கிறதே இல்ல. கணக்கே வேண்டாம்ங்கிறா" என்றாள்.

நான் விடைத்தாளை இரண்டு முறை படித்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மலையாளம் பேசி வியாபாரம் செய்தவனுக்கே உடனே தட்டவில்லை. பிறகு தெரிந்தது. தமிழில் நாலு பக்கமும் சமமாக இருப்பது சதுரம். எதிர்ப் பக்கங்கள் சமமாய், மூலைகள் செங்கோணமாய் இருப்பது செவ்வகம். கேரளப் பாடநூலில் 'சதுரம்' என்றால் நம் செவ்வகம்! நம் சதுரத்துக்கு அவர்கள் 'சமசதுரம்' என்பார்கள். இரண்டும் நியாயமே. வடமொழியின் 'நான்கு' என்னும் சொல்லிலிருந்து வந்தது சதுரம். மலையாளம் அதை விரித்துப் பயன்படுத்திச் சமமானதற்கு 'சம' என்று முன்னொட்டுப் போட்டது. தமிழ் அதைச் சமமானதற்கே வைத்துக்கொண்டு மற்றதற்குச் செவ்வகம் என்று பெயர் தந்தது.

இப்போது கேள்வியைச் செவ்வகம் என்று படியுங்கள். சுற்றளவு 24 என்றால் நீளமும் அகலமும் கூடி 12. ஆக 11க்கு 1, 10க்கு 2, 9க்கு 3, 8க்கு 4, 7க்கு 5, 6க்கு 6. ஆறு உருவங்கள். பரப்பளவுகள் முறையே 11, 20, 27, 32, 35, 36. பேத்தி சொன்ன 36தான் மிகுந்த பரப்பு. தமிழில் அவள் எழுதியதில் ஓர் எழுத்தும் தப்பில்லை. மலையாளத்தில் அது பாதி விடை.

டீச்சர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பள்ளிக்குப் போய்ப் பணிவாகச் சொன்னேன். அந்த அம்மா விடைத்தாளைப் பார்த்து, "அய்யோ, அது ஞான் ஓர்த்தில்லல்லோ" என்றார். தனக்கு நினைவு வரவில்லையே என்று பொருள். மதிப்பெண்ணை மாற்றவில்லை. மறுநாள் கரும்பலகையில் இரண்டு மொழிப் பெயரையும் எழுதி, பேத்தியை விட்டே விளக்கச் சொன்னாராம். வகுப்பில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் இன்னும் நாலு பேர் இருந்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் இதே தவற்றைச் செய்திருந்தார்களாம்.

வகுப்பில் மாறுவது என்ன?

இந்த ஒரு கேள்வியே நடுநிலைக் கணக்கின் தன்மையைக் காட்டிவிடுகிறது. தொடக்கப் பள்ளியில் 24ஐ 4ஆல் வகு என்பார்கள். விடை ஒன்று. நடுநிலையில் எத்தனை வழி உண்டு, அவற்றுள் ஒழுங்கு என்ன, ஏன் அப்படி என்று கேட்பார்கள். மேலே பரப்பளவுகள் 11லிருந்து 9, 7, 5, 3, 1 என்று கூடிக்கொண்டே போவதைக் கவனித்தீர்களா? அதைக் கண்டு சொல்லும் பிள்ளைக்குத்தான் இந்த வகுப்பில் பாராட்டு. நமது காலத்தில் பாராட்டு வாய்ப்பாட்டுக்குப் போயிற்று.

இது தற்செயலாக வந்த மாற்றமன்று. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். ராமானுஜம். கணக்கென்றால் பயமும் தோல்வியும் என்றிருக்கும் நிலையை அக்குழு வெளிப்படையாகவே சுட்டியது; பிள்ளையின் சிந்தனையைக் கணிதமுறைப்படுத்துவதே பாடத்தின் முதன்மை நோக்கம் என்றது. கேரளம் 2007இல் தன் கலைத்திட்டத்தை வகுத்தது. இப்போது கையிலுள்ள புதிய பாடநூல்கள் 2024, 2025 ஆண்டுகளில் இரண்டு கட்டமாக வந்தவை. ஆகவே "நாங்க படிச்ச மாதிரி இல்லையே" என்று பெற்றோர் சொல்வது உண்மைதான். அப்படி இருக்கக் கூடாது என்றே மாற்றியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் நான்கு இடங்களைக் கடைக்காரன் மொழியில் சொல்கிறேன்.

ஒன்று: பின்னமும் தசமமும்

நாலைவிட எட்டு பெரிது. ஆனால் கால்பங்கைவிட எட்டில் ஒரு பங்கு சிறிது. இந்த இடத்தில்தான் முதல் சறுக்கல். அடுத்தது வகுத்தல். நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, பின்னத்தால் வகுக்க அதைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்றார்கள். ஏன் சார் தலைகீழாக்கணும் என்று கேட்டதற்குப் பிரம்படி கிடைத்தது. அதற்குப் பிறகு நான் பள்ளியில் கேள்வியே கேட்கவில்லை. விடை தெரிந்தது பத்து ஆண்டுகள் கழித்து, கடையில். முக்கால் கிலோ தேயிலையை அரைக்கால் கிலோப் பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை பொட்டலம்? 750 கிராமில் 125 கிராம் ஆறு முறை. ஒரு கிலோவில் அரைக்கால் எட்டு உண்டு. முக்கால் கிலோவில் எட்டின் முக்கால், அதாவது ஆறு. எட்டில் ஒன்றால் வகுப்பதும் எட்டால் பெருக்குவதும் ஏன் ஒன்றாகிறது என்பது அங்கே கையாலேயே தெரிந்தது. அடித்த ஆசிரியர் இதைப் பொட்டலம் கட்டிக் காட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை.

நம் முன்னோர் இதில் தேர்ந்தவர்கள். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம். கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்குவது ஒரு வரிசை: 1/4, 1/8, 1/16. மா, அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி என்பது இன்னொரு வரிசை: 1/20, 1/40, 1/80, 1/160, 1/320. இவற்றைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. பாதியின் பாதி என்ன என்று விளையாட்டாகக் கேட்டாலே போதும்.

தசமத்தில் வேறொரு குழி. 0.25 பெரிதா, 0.5 பெரிதா என்றால், 25 பெரிது என்று 0.25ஐக் காட்டும் பிள்ளைகள் நிறைய. மின்தராசுள்ள கடைக்கு அழைத்துப் போங்கள். 1.05 என்று காட்டினால் ஒரு கிலோ ஐம்பது கிராம், 1.5 என்றால் ஒன்றரைக் கிலோ. பித்தளைக் குடத்தின் விலையில் இந்த வித்தியாசம் சில நூறு ரூபாய் வரும். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு காசானபோது, பதினாறு அணாவில் வளர்ந்த என் தகப்பனார் பல மாதம் தடுமாறியதாகச் சொல்வார். பெரியவரே தடுமாறியதைப் பிள்ளை ஒரு வாரத்தில் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இரண்டு: குறை எண்

சுழிக்குக் கீழும் எண் உண்டு என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் ஏற்பார்கள். கடன் என்றால் எல்லோருக்கும் புரியும். இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் மிகை எண் ஏன் என்பதில்தான் நிற்பார்கள். என் பேரேட்டில் மொத்த வியாபாரி தவறுதலாக 200 ரூபாய் வீதம் மூன்று பாக்கிச் சீட்டு ஏற்றிவிட்டார் என்று வையுங்கள். தவறு தெரிந்து மூன்றையும் நீக்கினால் எனக்கு 600 ரூபாய் மேலேறும். பாக்கி ஒரு குறை, நீக்குவது இன்னொரு குறை. முழு நிரூபணம் பின்னால் வகுப்பில் வரும். மனம் ஏற்க இது உதவும்.

இங்கே எங்கள் மரபினர் ஒருவரை நினைக்காமல் போகக் கூடாது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், மகாவீராசாரியர் என்னும் சமணர் 'கணிதசார சங்கிரகம்' என்ற வடமொழி நூலை இயற்றினார். 1912இல் எம். ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு அதைச் சென்னையில் பதிப்பித்தார். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று அன்றே தெளிவாகச் சொன்னவர் அவர். அவரே, ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அந்த எண் மாறாது என்றும் எழுதிவிட்டார். இது தவறு. 12ஐச் சுழியால் வகுத்து 12 வருமானால், 12ஐச் சுழியால் பெருக்கும்போது திரும்ப 12 வர வேண்டும், சுழியல்லவா வருகிறது? அதனால் இன்றைய கணிதம் சுழியால் வகுக்க அனுமதிப்பதில்லை. எங்கள் பெரியவர் என்பதற்காக இதை நான் மறைப்பதில்லை. பேத்திக்குச் சொல்லியிருக்கிறேன். மகாவீராசாரியரே தவறிய இடம் என்று தெரிந்த பிறகு, தன் தவற்றைக் காட்ட அவள் வெட்கப்படுவதில்லை.

மூன்று: எண்ணுக்குப் பதில் எழுத்து

"கணக்குல எதுக்கு எக்ஸ்?" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் குரல். ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். ஓர் எண்ணை நினைத்துக்கொள். இரட்டிப்பாக்கு. பத்துக் கூட்டு. பாதியாக்கு. நினைத்த எண்ணைக் கழி. விடை ஐந்து! யார் எந்த எண்ணை நினைத்தாலும் ஐந்துதான். ஏன்? நினைத்த எண்ணை மூடின பெட்டி என்று வையுங்கள். இரண்டு பெட்டி, இரண்டு பெட்டியும் பத்தும், பாதியாக்கினால் ஒரு பெட்டியும் ஐந்தும், பெட்டியை எடுத்தால் ஐந்து. அந்தப் பெட்டிக்கு வகுப்பில் எக்ஸ் என்று பெயர். கோடி எண்களுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லவே எழுத்து.

நான்கு: விழுக்காடு

500 ரூபாய்ப் பாத்திரத்தின் விலையை 20 விழுக்காடு ஏற்றி, பிறகு 20 விழுக்காடு தள்ளுபடி தந்தால் பழைய விலையா? பெரியவர்களிலும் பலர் ஆமாம் என்பார்கள். ஏற்றினால் 600, அதில் 20 விழுக்காடு 120, மிஞ்சுவது 480. எதன் மேல் விழுக்காடு என்று கேட்கப் பழகின பிள்ளை நாளை வங்கிக் கடனிலும் ஏமாறாது.

சொல்லில் உள்ள சிக்கல்

மேற்சொன்ன நான்கும் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் உள்ளவை. எல்லையோரப் பிள்ளைக்கு இவற்றோடு சொல்லும் சேர்ந்து சுமையாகிறது. சில சொற்கள் இரண்டு மொழிக்கும் பொது: பரப்பளவு, சுற்றளவு, ஆரம், சராசரி, வர்க்கமூலம். இவை பிள்ளைக்குத் தைரியம் தரும். சில சொற்கள் முற்றிலும் வேறு: நம் காரணி அங்கே கடகம், மடங்கு அங்கே குணிதம், பகா எண் அங்கே அபாஜ்ய சங்க்ய, பின்னத்தின் தொகுதி, பகுதி அங்கே அம்சம், சேதம், விழுக்காடு அங்கே சதமானம். இவை தெரியாதவை என்று பிள்ளைக்கே தெரியும், கேட்டுக்கொள்ளும்.

ஆபத்தானவை மூன்றாம் வகை: காதுக்குப் பழகிய ஒலி, பொருள் வேறு. சதுரத்தைப் பார்த்தோம். வட்டத்தை விருத்தம் என்பார்கள். நமக்கு அது பாட்டு. விட்டத்தை வியாசம் என்பார்கள். நம் பெரியவர்களுக்கு வியாசம் என்றால் கட்டுரை. இத்தகைய சொல்லில் பிள்ளை தனக்குப் புரிந்துவிட்டதாகவே நினைக்கும். அதனால் கேட்காது. ஆசிரியருக்கும் சந்தேகம் வராது. விடைத்தாளில் சுழி வந்த பிறகும் காரணம் வெளிவராது. "பையனுக்குக் கணக்கு ஏறல" என்று முடித்துவிடுவோம். என் பேத்தி கதை அப்படித்தான் முடிந்திருக்கும்.

ஒரு மகிழ்ச்சியான செய்தியும் உண்டு. மலையாளத்தில் வட்டிக்குப் 'பலிச' என்பார்கள். சோழர் கல்வெட்டுகளில் வட்டிக்கு வழங்கும் சொல் 'பலிசை'தான்! நாம் விட்டுவிட்டதை அவர்கள் வைத்திருக்கிறார்கள். செங்கோணத்துக்கு அவர்கள் சொல்லும் 'மட்டகோண்' நம் தச்சர் கையிலுள்ள மூலைமட்டத்தை நினைவூட்டுகிறது. இப்படிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் உறவாகத் தெரியும்.

இது எல்லையோரத்தின் கதை மட்டுமன்று. டில்லியிலும் மும்பையிலும் இருக்கும் நம் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் இந்திப் பாடத்தில் சதுர உருவத்துக்கும் எண்ணின் வர்க்கத்துக்கும் 'வர்க்' என்ற ஒரே சொல்லைக் காண்பார்கள். பெங்களூரில் கன்னடப் பாடத்தில் அது 'சௌக'. எங்கே குடிபோனாலும் முதலில் கேட்க வேண்டியது இங்கே எதற்கு எந்தப் பெயர் என்பதே.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, மும்மொழிக் குறிப்பேடு. கேரளத்தில் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் பாடநூல்கள் வருகின்றன. எஸ்.சி.இ.ஆர்.டி.யின் இணையத்தளத்தில் தமிழ்வழி நூலும் கிடைக்கும். பாடம் ஒன்றே, மொழிதான் வேறு. மலையாள வழியில் படிக்கும் பிள்ளை அதே பாடத்தைத் தமிழிலும் ஒரு முறை படிக்கட்டும். புதுச் சொல் வந்தால் மூன்று பத்தி போட்டு மூன்று மொழியிலும் எழுதிப் பக்கத்தில் ஒரு படம் வரையட்டும். நாளை மேல்நிலையில் ஆங்கிலத்துக்குப் போகும்போதும் இதே ஏடு கைகொடுக்கும்.

இரண்டாவது, விடையைக் கேட்கும் முன் கேள்வியைக் கேளுங்கள். "இந்தக் கேள்வி என்ன கேக்குது? உன் வார்த்தையில சொல்லும்மா" என்றால் போதும். நமக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை சொல்லும்போதே சொல் எங்கே பிசகிற்று என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, பழைய நூலையும் சோதிக்கப் பழக்குங்கள். காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ண ஒரு வழி சொல்கிறது. காம்பருகில் உள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். எங்கள் கொல்லைப் பலாவில் பேத்தியும் நானும் செய்து பார்த்தோம். நான் எண்ணின முள் 70, கணக்குப்படி சுளை 84. அவள் எண்ணினது 85, கணக்குப்படி 102. வெட்டினால் இருந்தது 91. "தாத்தா, காம்பருகுன்னா எது வரைக்கும்?" என்று கேட்டாள். அதுதான் கேள்வி! எதை எண்ணுகிறோம் என்று முதலில் ஒத்துக்கொள்ளாமல் எண்ணினால் இரண்டு பேருக்கும் இரண்டு விடைதான் வரும். சதுரத்தில் நடந்ததும் அதுவே.

நான்காவது, "எனக்கும் கணக்கு வராது" என்று பிள்ளை முன்னால் சொல்லாதீர்கள். பெண்பிள்ளை முன்னால் அம்மாமார் இதை அடிக்கடி சொல்கிறார்கள். சீட்டு கட்டுவதும் பால் கணக்குப் பார்ப்பதும் துணி வெட்டுவதும் கணக்கில்லாமல் என்ன?

ஐந்தாவது, ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்கு வேண்டாம், வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள். கேரளத்தில் 2024–25 கல்வியாண்டு முதல் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 விழுக்காடு பெற வேண்டும் என்ற முறை வந்திருக்கிறது. பெறாதவர்க்குத் தனி வகுப்பு நடத்துகிறார்கள். எட்டாம் வகுப்பில்தான் மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வும் வருகிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில், ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகள் எழுதலாம். தேர்ந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதில் கணக்கும் உண்டு. அதற்குள் சொல்லும் பொருளும் தெளிந்திருக்க வேண்டாமா?

நிறைவாக

சதுரமும் ஒரு செவ்வகமே. எல்லாச் செவ்வகமும் சதுரமாகாது. அந்த விடைத்தாளை வைத்துப் பேத்தி எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. ஆறாவது உருவம் ஆறுக்கு ஆறு. அதையும் சேர்த்து எண்ணினால்தான் விடை ஆறு என்றாள். எனக்கு அதுவரை அது தோன்றியதில்லை. அரையாண்டில் அவளுக்கு நல்ல மதிப்பெண்தான். முதலிடம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கணக்கு வேண்டாம் என்று மட்டும் இப்போது சொல்வதில்லை.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை கணக்கில் சுழி வாங்கி வந்தால், கையை ஓங்கும் முன் விடைத்தாளை வாங்கி ஒருதடவை நிதானமாகப் படியுங்கள். எந்தச் சொல்லைப் பிள்ளை எப்படிப் புரிந்துகொண்டது என்று கேளுங்கள். ஏழாம் வகுப்பில் என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

வாழ்க நம் பிள்ளைகள். வளர்க இரு மொழியும்.